சி.சி.எஸ். பொருத்திய வால்வு முன்பெருக்கி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

திருகோணமலையில் வால்வு, அதாவது வெற்றிடக் குழாய், வைத்த ஒலி முன்பெருக்கியை வீட்டிலேயே கட்டுபவர்கள் சிலரே. அச்சிலரின் பெட்டிகள் ஏதாவதொரு காரணத்தால் ஆண்டுக்கு ஒருமுறையேனும் என் மேசைக்கு வந்து சேர்கின்றன. அனோட்டுத் தடையியைக் கழற்றிவிட்டு அதனிடத்தில் மாறா மின்னோட்ட மூலத்தை, அதாவது சி.சி.எஸ். ஐப் பொருத்திய பெட்டிகளில் ஒரே வகையான பிழைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் முதலில் வால்வை மாற்றியிருப்பார்கள், பிறகு சி.சி.எஸ். இல் உள்ள மொஸ்பெற் திரான்சிற்றரை மாற்றியிருப்பார்கள், மல்டிமீற்றரைக் கடைசியாகத்தான் எடுத்திருப்பார்கள். இந்தச் சுற்றில் அந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். மின்னோட்டம் கட்டிவைக்கப்பட்டிருப்பதால் வால்வில் எது பிசகினாலும் அது அனோட்டு மின்னழுத்தமாக வெளிப்பட்டே ஆகும். நான்கு அளவுகளை எடுத்தால் பத்தில் எட்டுப் பெட்டிகளில் எந்தப் பாகத்தையும் கழற்றாமலே பிழை இருக்கும் பக்கம் தெரிந்துவிடுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சுற்று தேவை. கீழே வரும் எண்கள் யாவும் இசிசி 82 (12ஏயு7) வால்வின் ஒரு பாதி, 280 வோல்ற்று பி பிளஸ் (வால்வுக்கு ஊட்டும் உயர் நேர் மின்னழுத்தம்), 5 மில்லிஅம்பியர் மின்னோட்டம், 680 ஓம் கதோட்டுத் தடையி, அனோட்டுக்கும் பி பிளஸ்ஸுக்கும் இடையே ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடுத்த இரு டிஎன் 2540 மொஸ்பெற்றுகள் என்ற அமைப்புக்கு உரியவை. மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் தடையியை இங்கே நிர்ணயத் தடையி என்று அழைக்கிறேன். டிஎன் 2540 ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் அதன் பெறுமதி பெட்டிக்குப் பெட்டி மாறும். உதாரணமாக 390 ஓம் என்று கொள்வோம். நலமாக இருக்கும் சுற்றில் கதோட்டில் ஏறத்தாழ 3.4 வோல்ற்று, அனோட்டில் 120 முதல் 130 வோல்ற்று, நிர்ணயத் தடையிக்குக் குறுக்கே 1.95 வோல்ற்று இருக்கும். வேறு வால்வு வைத்திருப்பவர்கள் தங்கள் சுற்றுக்குரிய இந்த நான்கு எண்களையும் (பி பிளஸ், அனோட்டு, கதோட்டு, நிர்ணயத் தடையி) அது நன்றாக வேலை செய்யும் நாளிலேயே பெட்டியின் மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.

அளவெடுக்கும் முன்

பி பிளஸ் கொள்ளளவிகள் மின்னை நிறுத்திய பின்னரும் உயிரோடு இருக்கும். 100 மைக்ரோபரட் கொள்ளளவிக்குக் குறுக்கே 220 கிலோஓம் தடையி போட்டிருந்தாலும் அது பாதுகாப்பான அளவுக்கு வடிய இரண்டு நிமிடமாகும். அந்தத் தடையி எரிந்து துண்டித்திருந்தால் வடியவே வடியாது. ஆகவே பிளக்கைக் கழற்றி, 10 கிலோஓம் 5 வாற்றுத் தடையி ஒன்றைக் காப்பிட்ட கவ்விகளால் கொள்ளளவிக்குக் குறுக்கே பத்து விநாடி பிடித்து, மீற்றரில் பூச்சியத்தைக் கண்ட பிறகே கையை உள்ளே விட வேண்டும். மின் இருக்கும்போது அளப்பதானால் கறுப்பு முனையைக் கவ்வியால் பெட்டியின் நிலத்தில் (பூச்சிய வோல்ற்று இணைப்பில்) மாட்டிவிட்டு ஒரு கையால் மட்டும் அளக்கவும். காலில் செருப்பு இருக்கட்டும். கடற்கரை வீடுகளில் சீமெந்துத் தரை எப்போதும் ஈரம் உறிஞ்சியே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். நிர்ணயத் தடையியின் இரு முனைகளும் 125 வோல்ற்றுக்கு மேலேயே நிற்பவை. குறுக்கே இருப்பது 2 வோல்ற்றுத்தானே என்று தொட்டுவிடக் கூடாது.

மீற்றரைத் தவிர இன்னுமொரு கருவி தேவை: 22 கிலோஓம், 5 வாற்றுத் தடையி. வால்வைச் சொக்கற்றிலிருந்து கழற்றிவிட்டு அனோட்டு முனைக்கும் நிலத்துக்கும் இடையே இதை மாட்டி மின்னைப் போட்டால் சி.சி.எஸ். தன் 5 மில்லிஅம்பியரை இதனூடாக அனுப்பும். அனோட்டு முனையில் 110 வோல்ற்று தெரியும். அதற்குப் பதில் 10 கிலோஓம் மாட்டினால் 50 வோல்ற்று தெரிய வேண்டும். இரண்டிலும் மின்னோட்டம் ஒன்றாகவே வந்தால் சி.சி.எஸ். மேல் பழியில்லை, பிழை வால்வின் பக்கம். இதைக் கீழே தடையிச் சோதனை என்று குறிப்பிடுகிறேன். வால்வும் இல்லாமல், தடையியும் இல்லாமல் அனோட்டு முனையை அளந்தால் பி பிளஸ் முழுவதுமாகத் தெரியும்; அது இயல்பு. அதைக் கண்டு பயந்து மொஸ்பெற்றை மாற்றியவர்கள் உண்டு.

அறிகுறி: அனோட்டு மின்னழுத்தம் பி பிளஸ் அளவுக்கு ஏறி நிற்கிறது, ஒலி இல்லை அல்லது மிகவும் திரிந்து வருகிறது

மின்னைப் போட்ட முதல் அரை நிமிடத்தில் இது பிழையே அல்ல. கதோட்டு சூடாகும்வரை வால்வில் மின்னோட்டம் இல்லை, சி.சி.எஸ். தன்னால் இயன்றவரை அனோட்டை மேலே தூக்கும். இதன் காரணமாகவே வெளியீட்டுக் கொள்ளளவி, ஓட்டத்தின்போது 125 வோல்ற்றை மட்டும் தாங்கினாலும், முழு பி பிளஸ்ஸையும் தாங்கும் தரத்தில் இருக்க வேண்டும். நான் 400 வோல்ற்றுக்குக் குறைந்ததைப் பொருத்துவதில்லை. ஒரு நிமிடம் கடந்தும் இறங்காவிட்டால் கதோட்டு மின்னழுத்தத்தைப் பார்க்கவும். அது மூன்று வழிகளில் ஒன்றைக் காட்டும்.

கதோட்டில் பூச்சியம் எனில் வால்வில் மின்னோட்டமே இல்லை. மலிந்த காரணம் ஹீற்றர், அதாவது கதோட்டைச் சூடேற்றும் இழை. இழை சிவக்கிறதா என்று விளக்கை அணைத்துப் பார்க்கவும். இசிசி 82 இல் ஹீற்றர் முனைகள் 4, 5, நடு முனை 9, 6.3 வோல்ற்று கொடுப்பவர்கள் 4 ஐயும் 5 ஐயும் சேர்த்துக் கட்டுவார்கள். அதே சொக்கற்றில் இசிசி 88 ஐச் செருகினால் அதன் ஹீற்றர் 4 க்கும் 5 க்கும் இடையில் இருப்பதால் குறுக்கிணைந்துபோய் எரியாது. "புது வால்வும் செத்துவிட்டது" என்று கொண்டுவரப்பட்ட இரண்டு பெட்டிகளில் நான் கண்டது இதைத்தான். ஹீற்றர் சிவந்தும் பூச்சியம் என்றால் சொக்கற்றின் கவ்விகள்: உப்புக்காற்றில் பச்சை பிடித்த கவ்வி வால்வின் காலைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். மின்னை நிறுத்தி, மெல்லிய ஊசியால் கவ்வியைச் சற்று இறுக்கி, துப்புரவு திரவம் தெளித்து வால்வை நாலைந்து முறை செருகி எடுக்கவும். அதற்கும் அசையாவிட்டால்தான் மாற்று வால்வு.

கதோட்டில் 15 வோல்ற்றை அண்டிய எண் தெரிந்தால் கதோட்டிலிருந்து நிலத்துக்குப் போகும் பாதை துண்டித்திருக்கிறது. தடையியின் பற்றாசு விட்டிருக்கலாம், கதோட்டில் எல்.ஈ.டி. வைத்தவர்கள் அதைத் தலைகீழாகப் பொருத்தியிருக்கலாம். செலவில்லாத பிழை இது.

கதோட்டில் 8 அல்லது 9 வோல்ற்று இருந்தால் உடனே மின்னை நிறுத்தவும். சி.சி.எஸ். கட்டுப்பாட்டை இழந்து நேர்க்கம்பியாகிவிட்டது. வால்வினூடாக ஏறத்தாழ 13 மில்லிஅம்பியர் பாய்கிறது, அனோட்டு 3.5 வாற்று அளவில் வெப்பத்தைச் சுமக்கிறது. இசிசி 82 இன் ஒரு பாதிக்கு அனுமதி 2.75 வாற்று மட்டுமே. வால்வைக் கழற்றிவிட்டுத் தடையிச் சோதனையைச் செய்தால் 22 கிலோஓமிலும் 10 கிலோஓமிலும் ஏறத்தாழ 280 வோல்ற்றே நிற்கும். அத்தடையிகள் அப்போது கடுமையாகச் சூடேறும். 10 கிலோஓம் 7.8 வாற்றைச் சுமப்பதால் எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் நிறுத்திவிட வேண்டும். பின்னர் மொஸ்பெற்றுகள் பற்றிய பகுதிக்குச் செல்லவும்.

அறிகுறி: அனோட்டு மின்னழுத்தம் மிகத் தாழ்ந்திருக்கிறது, ஒலி மெலிந்து, உரத்த இடங்களில் நசுங்குகிறது

இங்கே நிர்ணயத் தடையிக்குக் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தையும் கதோட்டு மின்னழுத்தத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முன்னையது சி.சி.எஸ். அனுப்பும் மின்னோட்டத்தைச் சொல்லும். பின்னையது வால்வினூடாகச் சென்ற மின்னோட்டத்தைச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகிறதா இல்லையா என்பதில்தான் விடை இருக்கிறது.

இரண்டும் ஒன்றாகக் குறைந்திருந்தால் சி.சி.எஸ். குறைவாக அனுப்புகிறது. மின்னோட்டம் 2 மில்லிஅம்பியராக இறங்கினால் கதோட்டு 1.4 வோல்ற்று அளவிலும் அனோட்டு 60 வோல்ற்று அளவிலும் வந்து நிற்கும். மொஸ்பெற் சுற்றில் இதற்குக் காரணம் பெரும்பாலும் நிர்ணயத் தடையியே: பெறுமதியைத் தவறாகப் படித்துப் பொருத்தியது, அல்லது பிரீசெட்டின் (திருகிச் சரிசெய்யும் சிறு மாறுதடையியின்) உள்ளே தடம் கறுத்தது. எம்ஜேஈ 350 போன்ற திரான்சிற்றரையும் எல்.ஈ.டி. யையும் கொண்டு கட்டிய சி.சி.எஸ். என்றால் வேறொரு பழைய குற்றவாளி இருக்கிறது. எல்.ஈ.டி. க்கு மின்னூட்ட பி பிளஸ்ஸிலிருந்து நிலத்துக்குப் போகும் பெரிய தடையி அது. சாதாரண கால் வாற்றுக் கார்பன் தடையி 250 வோல்ற்று வரைக்கே தரம்பெற்றது. 280 வோல்ற்றைச் சுமக்கவைத்தால் நிறக்கோடுகள் கறுக்காமலே மாதக்கணக்கில் பெறுமதி ஏறிக்கொண்டு போய் ஒருநாள் துண்டிக்கும். அங்கே இரண்டு அரை வாற்றுத் தடையிகளைத் தொடராகப் போடுவதே நிரந்தரத் தீர்வு.

நிர்ணயத் தடையியில் 1.95 வோல்ற்று சரியாக இருந்து கதோட்டில் பூச்சியமோ அதற்கு அண்மையோ தெரிந்தால், கதோட்டுத் தடையிக்குக் குறுக்கேயுள்ள மின்பகுபொருட் கொள்ளளவி குறுக்கிணைந்துவிட்டது. அனோட்டு அப்போது 64 வோல்ற்று அளவில் நிற்கும். அதன் ஒரு காலை விடுவித்துப் பார்த்தால் அப்போதே தெரியும்.

நிர்ணயத் தடையி சரி, கதோட்டு அதைவிடச் சற்றுக் குறைவு என்றால் மின்னோட்டத்தின் ஒரு பங்கு வால்வுக்குள் போகாமல் வேறெங்கோ கசிகிறது. வெளியீட்டுக் கொள்ளளவியின் மறுபக்கத்தில் நேர் மின்னழுத்தம் தெரிந்தால் கசிவது அதுவே. பழைய வானொலிப் பெட்டியிலிருந்து பிடுங்கிய எண்ணெய்க் காகிதக் கொள்ளளவியை அழகுக்காகப் பொருத்துபவர்கள் இதை எதிர்பார்த்தே பொருத்த வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தும் அனோட்டு மட்டும் தாழ்ந்திருந்தால் நெய்யரியை, அதாவது கிரிட்டை அளக்கவும். அங்கே பூச்சியம் இருக்க வேண்டும். முந்திய பெருக்கப் படியிலிருந்து கொள்ளளவியினூடாக ஒரு வோல்ற்றுக் கசிந்து வந்தாலும் அனோட்டு 17 வோல்ற்று இறங்கும், ஏனெனில் அந்த வால்வின் பெருக்கக் காரணி 17. இசிசி 83 இல் அதே ஒரு வோல்ற்று 100 வோல்ற்றுச் சரிவாகும்.

அறிகுறி: எண்கள் ஒருநிலையில் நில்லாமல் நகர்கின்றன

முதல் இருபது நிமிடத்தில் அனோட்டு ஐந்தாறு வோல்ற்று அலைவதைப் பொருட்படுத்த வேண்டாம். இசிசி 83 இல் பத்து வோல்ற்றுக்கூடச் சாதாரணம். கதோட்டுப் பக்கத்தில் 0.1 வோல்ற்று மாறினாலே அவ்வளவு வந்துவிடும்.

வாரத்துக்கு வாரம் ஒரே திசையில் மேலே ஏறிக்கொண்டு போனால் வால்வு முதுமை அடைகிறது. கதோட்டின் உமிழ்வு குறையக் குறைய, அதே 5 மில்லிஅம்பியரை இழுக்க அதற்குக் கூடுதலான அனோட்டு மின்னழுத்தம் வேண்டும். தடையிச் சுமை கொண்ட சுற்றில் மின்னோட்டமும் சேர்ந்து சரிவதால் இந்த மாற்றம் மங்கலாகத் தெரியும், சி.சி.எஸ். அதை ஒளிக்காமல் காட்டிவிடும். 125 இலிருந்து 160 ஐத் தாண்டிவிட்டால் நான் வால்வை மாற்றிவிடுகிறேன். பக்கத்துக்கொரு வால்வு வைத்த பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் ஏறினால் இரு வால்வுகளையும் இடம்மாற்றிச் செருகி, ஏற்றம் வால்வோடு போகிறதா, சொக்கற்றோடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டே காசைச் செலவழிக்கவும்.

திடீர் திடீரெனத் தாவுகிறது என்றால் பிரீசெட். நிர்ணயத் தடையிக்குப் பிரீசெட் வைப்பது சரிசெய்யும் நாளுக்கு மட்டும் வசதி. சரியான பெறுமதி கிடைத்ததும் அளந்து, அதற்கு ஈடான நிலையான உலோகப்படலத் தடையியை இட்டுவிட வேண்டும். இந்த ஊர்க் காற்றில் திறந்த வகைப் பிரீசெட் இரண்டு வாடைக்காலத்தைத் தாங்குவது அரிது.

அறிகுறி: உறுமல்

முதலில் அது 50 ஹேட்சா 100 ஹேட்சா என்று முடிவுசெய்யவும். கைப்பேசியில் ஒலி பிறப்பிக்கும் செயலியைப் போட்டு ஹெட்போனில் இரண்டையும் கேட்டு ஒப்பிட்டால் போதும். கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கி 50 ஹேட்சைத் தராது.

100 ஹேட்ஸ் என்றால் அது சீராக்கி மாறுமின்னை நேர்மின்னாக்கிய பின் மிஞ்சும் அலை. உழைக்கின்ற சி.சி.எஸ். பி பிளஸ்ஸில் உள்ள அலையை அனோட்டுக்குப் பெருமளவு விடாது. ஆகவே அது கேட்கிறதென்றால் சி.சி.எஸ். க்குக் குறுக்கே போதிய மின்னழுத்தம் மிஞ்சவில்லையா என்று பார்க்க வேண்டும். பி பிளஸ்ஸுக்கும் அனோட்டுக்கும் இடையே 40 வோல்ற்றுக்குக் குறையாமல் விட்டுவைப்பது என் வழக்கம். அந்த இடைவெளி சரியாக இருந்தும் உறுமினால் நிலக்கம்பியைப் பாருங்கள்: சீராக்கியின் எதிர்முனை முதற் கொள்ளளவிக்கு நேராகப் போக வேண்டும், அங்கிருந்து ஒரே கம்பி சுற்றின் நிலத்துக்கு வர வேண்டும். இடையில் எங்கேனும் பெட்டியைத் தொட்டால் பெரிய கொள்ளளவி போட்டும் பயனில்லை.

50 ஹேட்ஸ் என்றால் சி.சி.எஸ். ஐ விட்டுவிடுங்கள். ஹீற்றர்ச் சுருளை நிலத்தோடு தொடர்பே இல்லாமல் மிதக்கவிட்டிருப்பது அடிக்கடி காணப்படும் தவறு. இரு முனைகளிலிருந்தும் 100 ஓம் வீதம் நிலத்துக்குக் கொடுத்தால் பாதிப் பெட்டிகள் அடங்கிவிடும். பிறகு ஹீற்றர்க் கம்பிகளை முறுக்கிப் பெட்டியின் மூலையோடு ஓட்டவும். மின்னோடு தொடர்பில்லாத, பற்றறியில் ஓடும் கைப்பேசியை மட்டும் இணைத்தபோது உறுமல் நின்றுவிட்டால் காரணம் தொலைக்காட்சியோடோ கணினியோடோ ஏற்பட்ட நில வளையம் (இரு நிலக்கம்பிகள் சேர்ந்து உண்டாக்கும் வளையம்). முன்பெருக்கியைத் திறக்க வேண்டியதில்லை.

அறிகுறி: கடுமையான இரைச்சல், கையை அருகில் கொண்டுபோனால் மாறுகிறது, மீற்றர் முனை பட்டதும் எண்கள் தாவுகின்றன

சுற்று மெகாஹேட்ஸ் அளவில் தானாக அலைகிறது. காதுக்கு அந்த அலைவு கேட்காது. அதன் விளைவுகளே கேட்கும். அலைவுகாட்டி இல்லாதவர்கள் சிறிய வானொலிப் பெட்டியை எப்.எம். இல் நிலையமில்லாத இடத்தில் வைத்து முன்பெருக்கிக்கு அருகே கொண்டுவரட்டும். முன்பெருக்கியின் மின்னைப் போட்டு நிறுத்தும்போது இரைச்சல் மாறினால் ஐயம் வலுக்கும்; மாறாவிட்டால் ஐயம் நீங்கிவிட்டதாகக் கொள்ள முடியாது.

எளிய காரணம், மொஸ்பெற்றின் கேற் முனையில் (கட்டுப்படுத்தும் காலில்) தடையி இல்லாமை அல்லது தூரத்தில் இருப்பது. ஒவ்வொரு கேற்றுக்கும் 100 ஓம் முதல் 1 கிலோஓம் வரையான தடையி தனித்தனியே வேண்டும். அதன் உடல் மொஸ்பெற்றின் காலோடு ஒட்டி நிற்க வேண்டும். பலகையின் மறுமூலையில் நிற்கும் தடையி வரைபடத்தில்தான் இருக்கிறது, சுற்றில் இல்லை. அடுத்தது வால்வின் நெய்யரித் தடையி. இசிசி 88 போன்ற கூரிய வால்வுகள் அது இல்லாமல் அமைதியாக இருப்பதில்லை. மூன்றாவது, மொஸ்பெற்றுகளை ஹீற்சிங்குக்காகப் பெட்டியின் சுவரில் ஏற்றி, அரை அடிக் கம்பியால் சொக்கற்றுக்கு இழுத்திருப்பது. சி.சி.எஸ். சொக்கற்றுக்கு அருகில் நிற்கட்டும். இந்தச் சுற்றில் மேல் மொஸ்பெற் சுமப்பது முக்கால் வாற்று அளவே. பெரிய உறையுடைய டிஎன் 2540 க்குச் சிறிய அலுமினியத் தகடு ஒன்று போதும்.

இவற்றைச் செய்தும் அடங்காவிட்டால் அலைவுகாட்டி வைத்திருக்கும் திருத்துநரிடம் கொண்டுபோவதே சிக்கனம். கண்ணுக்குத் தெரியாத அலைவை ஊகத்தால் துரத்துவதில் நான் ஒருமுறை இரண்டு கிழமைகளை இழந்திருக்கிறேன்.

அறிகுறி: பொரியும் சத்தம், காலையில் அதிகம், வெயில் ஏறக் குறைகிறது

இந்தப் பகுதியை உள்நாட்டு ஊர்க்காரர்கள் தாண்டிப் போகலாம். உப்புவெளி, நிலாவெளி, கோட்டையடி போன்ற கடலோர வீடுகளில் இருப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வறண்ட காற்றோடு மெல்லிய தூசியும், கடற்காற்றோடு உப்பும் பலகையின் மேல் படிகின்றன. அப்போது ஒன்றும் நடவாது. ஐப்பசியில் மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறியதும் அந்தப் படிவு ஈரத்தை உறிஞ்சிக் கடத்தியாகிறது. ஒரு தடத்தில் 280 வோல்ற்று, அடுத்த தடத்தில் நெய்யரி என்று இருக்கும்போது இடையில் மைக்ரோஅம்பியர் கசிந்தாலும் காதுக்கு வந்துவிடும். வெரோபோர்டில் (செப்புக் கோடுகள் இட்ட துளைப் பலகையில்) கட்டியவர்களுக்கு இது கூடுதல், ஏனெனில் தடங்களின் இடைவெளி சிறிது. பற்றாசோடு வந்த பிசினும் கழுவப்படாமல் கிடக்கும். மெகாஓம் கணக்கில் எதிர்ப்புக் காட்டுவதற்காகவே சி.சி.எஸ். ஐ வைத்துவிட்டு, அதற்குக் குறுக்கே உப்புப் படலத்தால் இன்னொரு தடையியை நாமே போட்டுக்கொள்கிறோம்.

சோதனை எளிது. பெட்டியின் மின்னை நிறுத்தி, வடித்து, பலகையின் மேல் மிதமான சூட்டில் தலையுலர்த்தியைப் பத்து நிமிடம் காட்டி மீண்டும் போடவும். சத்தம் குறைந்தால் காரணம் இதுவே. ஐசோபுறொப்பைல் அல்கஹோலும் பழைய பற்தூரிகையும் கொண்டு இருபுறமும் தேய்த்துக் கழுவி, ஒருநாள் உலரவிட்டு, காப்பு வார்னிஷைத் தெளிக்கவும். கைக்குப் பூசும் தொற்றுநீக்கித் திரவத்தைப் பயன்படுத்த வேண்டாம். அதில் கலந்திருக்கும் கிளிசரின் ஈரத்தை மேலும் பிடித்துவைக்கும். நெய்யரித் தடத்துக்கும் பி பிளஸ் தடத்துக்கும் நடுவே செப்பைச் சுரண்டி வெறும் இடமாக்கினால் அடுத்த மார்கழிக்கும் சேர்த்து வேலை முடிந்தது. பெட்டியை வாரத்தில் இரண்டு நாளாவது ஓடவிடுவதும் உதவும். வால்வின் சூடே பலகையை உலர்த்திவைக்கும்.

உலர்த்தியும் மாறாவிட்டால் வால்வை மரக்குச்சியால் மெதுவாகத் தட்டிப் பார்க்கவும். பின் சொக்கற்றையும் ஒவ்வொரு பற்றாசுப் புள்ளியையும் அவ்வாறே தட்டிப் பார்க்கவும்.

அறிகுறி: ஒலியைக் கூட்டும்போது மட்டும் திரிகிறது

மாலையில் மட்டும் என்றால் வழங்கல். 230 வோல்ற்று 205 ஆக இறங்கும் வீட்டில் பி பிளஸ் 250 க்கும், 6.3 வோல்ற்று ஹீற்றர் 5.6 க்கும் வந்துவிடும். எந்நேரமும் என்றால் உள்ளீடு. இன்றைய டிஜிற்றல் ஒலிக் கருவிகள் பலவும் 2 வோல்ற்று தருகின்றன. அதன் உச்சம் 2.8 வோல்ற்று. கதோட்டில் 3.4 வோல்ற்று உள்ள சுற்று அதைத் தாங்கும். சிவப்பு எல்.ஈ.டி. ஒன்றால் 1.7 வோல்ற்று வைத்த சுற்று தாங்காது. ஒலிக்கட்டுப்பாட்டை இந்தப் பெருக்கப் படிக்கு முன்னால் வைக்கவும், அல்லது எல்.ஈ.டி. இரண்டைத் தொடராக இடவும்.

கதோட்டின் கீழே எல்எம் 317 சில்லைச் சி.சி.எஸ். ஆக வைத்த, கதோட்டிலிருந்தே வெளியீட்டை எடுக்கும் கதோட்டுப் பின்தொடரிகளில் இதே அறிகுறிக்கு இன்னொரு காரணம் உண்டு. அந்தச் சில்லு உறுதியாகச் சீராக்க 10 மில்லிஅம்பியர் வரை கேட்கக்கூடியது. 3 மில்லிஅம்பியருக்கு அதை அமைத்தால் தன் விருப்பப்படி நடக்கும். அதற்குக் குறுக்கே 40 வோல்ற்றுக்கு மேலும் போகக் கூடாது. அவ்விடத்துக்கும் டிஎன் 2540 ஐயே சிபாரிசு செய்வேன்.

அறிகுறி: மொஸ்பெற் திரும்பத் திரும்பச் சாகிறது

செத்துவிட்டதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள், ஏனென்றால் குப்பையில் போடப்பட்ட டிஎன் 2540 களில் பல நல்லவை. இது இயல்பாகவே கடத்தும் வகை மொஸ்பெற். மின்னோட்டம் ட்றெயின் காலில் புகுந்து சோர்ஸ் காலில் வெளியேறும். கேற்றையும் சோர்சையும் சேர்த்துப் பிடித்து, மீற்றரின் சிவப்பு முனையை ட்றெயினிலும் கறுப்பு முனையை சோர்சிலும் வைத்தால் 25 ஓம் அளவில் காட்டும். சாதாரண மொஸ்பெற்றுக்குப் பழகிய கண்ணுக்கு அது குறுக்கிணைவு போலத் தெரியும். 9 வோல்ற்றுப் பற்றறியின் நேர்முனையைச் சோர்சிலும் எதிர்முனையைக் கேற்றிலும் மாட்டினால் அந்தத் தடை மெகாஓமுக்குத் தாவ வேண்டும். தாவினால் நல்லது, தாவாவிட்டால் செத்தது. சிறிய உறைக்கும் பெரிய உறைக்கும் கால்களின் வரிசை வேறு என்பதால் தரவுத்தாளைப் பார்த்தே மாட்டவும்.

உண்மையிலேயே செத்திருந்தால், விலை குறைந்த காரணம் கேற் பாதுகாப்பு இல்லாமை. கேற்றுக்கும் சோர்சுக்கும் இடையே 20 வோல்ற்றைத் தாண்டக் கூடாது. மின்னைப் போடும் கணத்தில் வெளியீட்டுக் கொள்ளளவி நிரம்பும் வேகத்திலேயே தாண்டிவிடும். 12 வோல்ற்றுச் செனர் இருவாயி இரண்டை எதிரெதிராகத் தொடுத்துக் கேற்றுக்கும் சோர்சுக்கும் இடையே இட்டால் தீர்ந்தது. அடுத்தது காப்புத் தகடு. பெரிய உறையின் உலோக முதுகு ட்றெயினோடு இணைந்தது, அதாவது மேல் மொஸ்பெற்றில் பி பிளஸ்ஸோடு. மைக்காத் தகடும் திருகாணியின் காப்பு வளையமும் இல்லாமல் பெட்டியில் திருகினால் மொஸ்பெற்றோடு நிற்காது ஆபத்து.

மூன்றாவது, மிகையழுத்தம். டிஎன் 2540 இன் எல்லை 400 வோல்ற்று. 250 வோல்ற்றுச் சுருளைத் தைரியமாக நேரே சீராக்கினால் சுமையற்ற நிலையில் 353 வோல்ற்று. இரவில் வழங்கல் 245 ஆக ஏறினால் 376. கட்டியவர் காகிதத்தில் பார்த்தது 280 ஆக இருந்தாலும், அந்த உச்சமும் அதன்மேல் வரும் துள்ளலும் மொஸ்பெற்றின் கணக்கில் உண்டு. 10எம்45எஸ் என்ற ஆயத்த சி.சி.எஸ். சில்லு 450 வோல்ற்று வரை தாங்கும், ஆனால் விலையும் அதற்கேற்றது. கடைசியாக, போலி. கொழும்பில் வாங்கினாலும் வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தாலும், பொருத்துவதற்கு முன் ஒவ்வொன்றையும் மேலே சொன்ன பற்றறிச் சோதனைக்கு உட்படுத்தவும். ஒருமுறை எனக்கு வந்த பத்தில் நான்கு, பெயரைத் தவிர மற்றெதிலும் டிஎன் 2540 ஆக இருக்கவில்லை.

கையை எடுத்துவிட வேண்டிய அறிகுறிகள்

பெட்டியைத் தொடும்போது விரலில் சுரீரென்று தெரிந்தால், அல்லது அதைப் போட்டதும் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், சுற்றை ஆராய்வதை அங்கேயே நிறுத்தவும். பழைய வீடுகளில் மூன்றாவது முனை பிளக்கில் இருந்தாலும் நிலத்தில் இல்லாமல் இருப்பதுண்டு. அதை அளந்து சொல்ல வேண்டியவர் தகுதிபெற்ற மின்னியலாளர். ட்ரிப் சுவிட்சைக் கட்டிவைத்துக்கொண்டோ நிலக்கம்பியைக் கழற்றிவிட்டோ பெட்டியை ஓட்டிப் பார்ப்பது எக்காரணத்துக்கும் கூடாது. நிலைமாற்றியில் வார்னிஷ் கருகிய மணம் வந்தாலோ, வால்வுகள் கழற்றப்பட்ட நிலையிலும் அது கை வைக்க முடியாமல் சூடேறினாலோ, சுருள் சுற்றுபவரிடம் கொடுக்கவும். பி பிளஸ் கொள்ளளவியின் தலை உப்பியிருந்தால் அதற்கு மேல் ஒருமுறைகூட மின்னைப் போட வேண்டாம்.

திருத்துநரிடம் கொண்டுபோகும்போது பெட்டியோடு ஒரு காகிதமும் போகட்டும். பி பிளஸ், அனோட்டு, கதோட்டு, நிர்ணயத் தடையி ஆகிய நான்கு எண்களும் இரு பக்கங்களுக்கும் தனித்தனியாக, நலமாக இருந்த நாளுக்குரியவையும் இன்றைக்குரியவையும் அதில் இருக்க வேண்டும். எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் ஓடிய பின் பிழை தொடங்குகிறது என்பதையும் ஒரு வரியில் எழுதவும்.